அப்பா அம்மா வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதினால் வரி வருமா? கடலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் 1980களிலும் 90களிலும் வீடு கட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது ஆகிறது. நடமாட்டம் இருக்கும்போதே பிள்ளை பேருக்கு எழுதிவிடலாம் என்ற பேச்சு வந்ததும், அடுத்த கேள்வி வரி எவ்வளவு ஆகும் என்பதுதான். எழுதிக் கொடுக்கும் அன்றைக்கு வருமான வரி ஒரு பெரிய விஷயமே இல்லை. வரி பின்னால் வருகிறது, பிள்ளை அந்த வீட்டை விற்கும்போது. அதற்குத் தேவையான காகிதங்கள் பெற்றோரிடம்தான் இருக்கின்றன. இன்னொன்று, பத்திரத்தில் என்ன எழுதுகிறோம் என்பது வரியை விடப் பெரிய விஷயம். அதனால் அதைப் பற்றியும் இங்கே நிறையவே சொல்லியிருக்கிறேன்.

கீழே வரும் வருமான வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. இங்கே பேசும் அடிப்படை விதிகள் தொடர்கின்றன.

அப்பா வீட்டை எனக்குத் தானமாக எழுதினால் நான் வருமான வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் முத்திரை மதிப்புள்ள (முத்திரைத் தீர்வைக்காக அரசு கணக்கிடும் மதிப்பு) சொத்து இலவசமாக வந்தால் அது வருமானமாகக் கருதப்படும். பெற்றோர் சட்டப்படி உறவினர். அவர்கள் கொடுப்பது 10 லட்சம் மதிப்பானாலும் 2 கோடியானாலும் வரி இல்லை. தனியாக இருந்த தான வரி 1998 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் தானங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பழைய ஞாபகத்தில் பெரியவர்கள் இன்னும் அதைக் கேட்பதுண்டு.

கொடுக்கிற அப்பாவுக்கு மூலதன ஆதாய வரி உண்டா?

இல்லை. தானமும் உயிலும் மூலதன ஆதாய (சொத்தை விற்றால் வரும் லாபம்) கணக்கில் கைமாற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பணம் கைமாறாததால் டிடிஎஸ் (வாங்குபவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்கிற பேச்சும் எழாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்து, அதை மகன் ஏற்றுக்கொண்டு எழுதி வாங்கினால் அது முழுத் தானம் ஆகாது. கடனை முடித்து, அடமானத்தை ரத்து செய்த பிறகு எழுதுவதே சுத்தம்.

அப்படியானால் செலவு எங்கே?

சார்பதிவாளர் அலுவலகத்தில். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் தானமாக எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன்னால் இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. பழைய தொகையைச் சொல்லும் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆக, 15 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 15,000மும் 10,000மும் சேர்த்து 25,000 ரூபாய். 40 லட்சத்தைத் தாண்டிய எந்த வீட்டுக்கும் 50,000 ரூபாய்தான். பத்திரம் எழுதுபவர் கூலி, நகல் செலவு எல்லாம் தனி.

தானம் என்றால் பின்னால் வழக்கு வரும், கிரயமாகவே எழுதிவிடு என்கிறார்களே?

இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் இரண்டு இடத்தில் அடி விழும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கு 3,60,000 ரூபாய். செட்டில்மென்டில் 50,000த்தோடு முடிந்திருக்கும்.

அடுத்தது அப்பாவுக்கு. கிரயம் என்று எழுதிய உடனே அது விற்பனை. பத்திரத்தில் 5 லட்சம் என்று குறைத்துப் போட்டாலும், வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) 40 லட்சம் என்றால் 40 லட்சத்துக்கு விற்றதாகவே வருமான வரித் துறை கணக்கிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் விட்டுவிடுவார்கள். வாங்காத பணத்துக்கு அப்பா வரி கட்ட நேரிடும். அதோடு, விலையை ரொக்கமாகக் கொடுத்ததாகக் காட்டினால், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி வேறு குறுக்கே நிற்கும். மகன் உண்மையிலேயே பணம் கொடுத்து வாங்குகிறான், வங்கி வழியாகக் கொடுக்கிறான் என்றால் கிரயம் சரி. இல்லாத விற்பனையைப் பத்திரத்தில் காட்டாதீர்கள்.

மகன் பெயருக்குப் பதில் மருமகள் பெயருக்கு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் வரிக் கணக்கில் இது நல்ல வழி இல்லை. மாமனார் கொடுத்தால் மருமகளுக்கு வருமான வரி வராது, உறவினர் பட்டியலில் அவர் இருக்கிறார். பத்திரப் பதிவில் மகன், மகள், பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை மருமகளுக்கும் மருமகனுக்கும் இல்லை. 7, 2 என்று முழுக் கட்டணம்.

அதற்கு மேலே ஒன்று. மருமகளுக்கு இலவசமாக எழுதிய வீட்டின் வாடகை, எழுதிக் கொடுத்த மாமனார் அல்லது மாமியாரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். மருமகள் விற்றால் வரும் ஆதாயமும் அப்படியே. மருமகனுக்கு எழுதினால் இந்தச் சேர்ப்பு இல்லை. பேரன் மைனராக இருந்தால் வாடகை அவனுடைய பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும்.

மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். இனி வாடகைக்கு யார் வரி கட்டுவது?

வாடகை யாருக்கு உரிமையோ அவர். இங்கே கொஞ்சம் யோசித்துச் செய்தால் குடும்பத்துக்கே மிச்சம். மாதம் 20,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போக 1,68,000 வருமானம். பென்ஷன் மட்டும் வாங்கும் அப்பா கையில் இது வந்தால், புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை அவருக்கு வரி இல்லை. அதே தொகை 30 சதவீத வரம்பில் இருக்கும் மகன் கைக்குப் போனால் 50,400 ரூபாய் வரி, செஸ் தனி. அப்பாவுக்கு மருந்துச் செலவுக்கு ஆகிற பணம் அது.

அதனால் வாடகையை ஆயுள்வரை பெற்றோரே வாங்கி அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே வைப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். எப்படி எழுதுவது என்று பின்னால் வருகிறது.

என்றைக்காவது நான் வீட்டை விற்றால்?

உண்மையான வரி இங்கேதான். உங்களுக்கு வீடு சும்மா வந்தது, அதனால் அடக்க விலை (ஆதாயம் கணக்கிட, விற்ற விலையிலிருந்து கழிக்கும் தொகை) பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்கு என்ன விலை ஆனதோ அதுவே உங்கள் அடக்க விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். அப்பா 1988 முதல் வைத்திருந்த வீட்டை எழுதி வாங்கி மூன்றே மாதத்தில் விற்றாலும் அது நீண்டகால ஆதாயம்தான். (வீடு, மனைக்கு 24 மாதம் தாண்டினால் நீண்டகாலம்.)

2001 ஏப்ரல் 1க்கு முன்னால் வாங்கிய வீடு என்றால், பழைய விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய முத்திரை மதிப்பைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்குக்கு, தானம் 2019இல் நடந்தது, 2025-26இல் வீடு 60 லட்சத்துக்கு விலை போகிறது, 2001 மதிப்பு 4 லட்சம். நேரடியாகக் கழித்தால் ஆதாயம் 56 லட்சம், 12.5 சதவீதம் என்றால் வரி 7 லட்சம். விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்தால் 4 லட்சம் 15,04,000 ஆகிறது (2001-02க்கு 100, 2025-26க்கு 376). ஆதாயம் 44,96,000, அதில் 20 சதவீதம் 8,99,200. 2024 ஜூலை 23க்கு முன்னால் கைக்கு வந்த வீடு, மனைக்கு இந்தியாவில் குடியிருப்பவர் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இங்கே 7 லட்சம்.

இப்போது 2001 மதிப்பு 10 லட்சம் என்று மட்டும் மாற்றுங்கள். முதல் வழியில் 6,25,000. இரண்டாவது வழியில் 60 லட்சத்திலிருந்து 37,60,000 கழிந்து, மீதி 22,40,000க்கு 20 சதவீதம், 4,48,000. விற்கிற விலை 2001 மதிப்பைப் போல ஏறக்குறைய 8.36 மடங்கைத் தாண்டினால் முதல் வழியும், அதற்குள் இருந்தால் இரண்டாவது வழியும் லாபம். 2024 ஜூலை 23க்கு அப்புறம் தானம் வாங்கியவர்கள் இரண்டாவது கணக்கை நம்பி விலை பேசி முடிக்காமல், முதலில் ஆடிட்டரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.

விற்ற பணத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டாலோ ஆதாயத்துக்கு விலக்கு உண்டு.

எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

தாய்ப்பத்திரம், அப்பாவின் கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், வங்கிக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அந்தக் கணக்கு, 2001 நிலவரப்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் தரும் அறிக்கை. இந்த அறிக்கையை அப்பா இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எந்த அறை எந்த வருடம் கட்டியது, முதலில் ஓடா, தளமா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. ஓட்டு வீடுகள் பலவற்றுக்குக் கூரை போனது. சிலர் அதோடு ஓட்டைக் கைவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார்கள், கூடவே மாடியில் ஒரு அறையும் எழுப்பினார்கள். இப்படிப் புதிதாகக் கட்டிய செலவு, அப்பா செய்திருந்தாலும், விற்கும்போது உங்கள் அடக்க விலையில் சேரும். உடைந்த ஓட்டை மாற்றியதும், வெள்ளையடித்ததும் சேராது, அவை பழுதுபார்ப்பு. பீரோவில் தகர டப்பாவுக்குள் கம்பி, சிமென்ட் பில்லும், கொத்தனாருக்கு எழுதிய காசோலையின் அடிக்கட்டையும் மடித்து வைத்த அப்பாக்கள் இருக்கிறார்கள். மை மங்கிப்போயிருக்கும். இன்றைக்கே ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

புயலிலோ 2015 வெள்ளத்திலோ பத்திரம் நனைந்து போனவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். இது தானம் எழுதுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை, விற்கும் அவசரத்தில் ஓடக் கூடாது.

இப்போது எழுதாமல் உயில் எழுதி வைத்தால் வரி குறையுமா?

வருமான வரியில் வித்தியாசம் இல்லை. இறந்தவர் சொத்துக்கு வரி இங்கே 1985இல் போய்விட்டது. உயிலில் வந்த வீட்டுக்கும் அப்பாவின் விலைதான் உங்கள் அடக்க விலை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், "இறந்த தேதியின் மதிப்பே அடக்க விலை, அதுவரை எழுதாதே" என்று சொல்லலாம். அந்த ஊர்ச் சட்டம் அப்படித்தான், நம் ஊரில் அது இல்லை.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடலூரில் எழுதிய, கடலூர் சொத்துக்கான உயிலுக்கு ப்ரொபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிசெய்வது) கட்டாயமும் இல்லை. பிள்ளைகளுக்குள் ஒற்றுமை இருந்து, அவசரம் எதுவும் இல்லாத வீட்டில் பதிவு செய்த உயிலே பெற்றோருக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து. முஸ்லிம் குடும்பங்களில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. ஹிபாவுக்கு (முஸ்லிம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம்) அந்த வரம்பு இல்லை. வருமான வரி எல்லோருக்கும் ஒன்றே.

மகன் சிங்கப்பூரில், மகள் பிரான்ஸில். அவர்களுக்கு எழுதலாமா?

வீட்டை எழுதலாம். விவசாய நிலத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்குத் தானமாக எழுத முடியாது, வாரிசாக அடையலாம். பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பும் கடலூரில் வீடும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே பத்திரத்தில் போட்டுவிட வேண்டாம்.

வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்கும்போது, மேலே சொன்ன 20 சதவீதக் குறியீட்டு வழி அவருக்குக் கிடையாது. வாங்குபவர் அவரிடம் டிடிஎஸ் பிடிப்பதும் பெரிய தொகை. குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால், விற்ற விலை முழுவதற்கும் பிடித்துவிடுவார்கள்.

அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குடியிருப்பவர் வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் தானம் வாங்கினால் 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம் பெரியது. பிரான்ஸில் கடந்த பத்து வருடத்தில் ஆறு வருடமாவது குடியிருந்தவர், இப்போதும் அங்கே இருப்பவர், வெளிநாட்டுச் சொத்தைத் தானமாகப் பெற்றாலும் அங்கே வரிக்கு உட்படுவார். பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளை ஒருவருக்கு 15 வருடத்தில் 1 லட்சம் யூரோ வரை விலக்கு. புதுச்சேரி, காரைக்கால் உறவு உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஆயுட்கால உரிமையை எப்படி எழுதுவது?

வழக்கமான வாசகத்தில், "இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று வரும். அதை அப்படியே விட்டால் அன்று மாலையே பெற்றோர் சட்டப்படி மகன் வீட்டில் குடியிருப்பவர்கள். உரிமை இன்றே மகனுக்குப் போகிறது என்று தெளிவாக எழுதிவிட்டு, அதன்கீழ், தங்கள் இருவர் ஆயுள்வரையிலும், ஒருவருக்குப் பின் மற்றவர் ஆயுள்வரையிலும், அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கி அனுபவிக்கவும் உரிமை வைத்துக்கொண்டதாக எழுத வேண்டும். "எங்கள் காலத்துக்குப் பின் நீ அடைந்துகொள்" என்று மட்டும் எழுதினால் அதை உயில் என்று நீதிமன்றம் சொல்லக்கூடும். மகன் தானத்தை ஏற்றுக்கொண்டதும் பத்திரத்தில் வர வேண்டும், சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். "ஒருவருக்குப் பின் மற்றவர்" என்ற வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் நிர்க்கதியாக நிற்பது பெரும்பாலும் அம்மாதான்.

எழுதி வாங்கிய பிறகு மகன் கவனிக்கவில்லை என்றால்?

பெற்றோர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். கடலூரில் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி, அது மீறப்பட்டால் தானம் செல்லாது என்று அறிவிக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகவே விரித்துப் படிக்க வேண்டும் என்றது. அப்படி இருந்தும், உணவு, மருத்துவம், இருப்பிடம் கவனிக்கும் நிபந்தனையை வெளிப்படையாக எழுதுங்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. நல்ல பிள்ளை அதைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளவும் மாட்டான்.

பிள்ளை எங்களுக்கு முன்னால் போய்விட்டால்?

கேட்கவே மனசு கனக்கிற கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டும். இந்து மகன் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அம்மா முதல் வரிசை வாரிசுகள். அப்பா அந்த வரிசையில் இல்லை. தன் பணத்தில் கட்டிய வீட்டில் அப்பாவுக்குப் பங்கு கிடையாது. மகளுக்கு எழுதியிருந்தால் வீடு அவள் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பெற்றோர் வழியில் வாரிசாக வந்த சொத்து, அவளுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். தானமாக வந்ததற்கு அந்த விதி இல்லை. பத்திரத்தில் வைத்த ஆயுட்கால உரிமை மட்டும் அப்போதும் பெற்றோர் கையில் இருக்கும்.

பூர்வீக வீட்டை அப்பா ஒரே பிள்ளைக்கு எழுத முடியுமா?

தன் பங்கைத் தாண்டி எழுத முடியாது. மகள்களுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும், நாடு முழுக்க 2005 திருத்தத்துக்குப் பிறகும் அதுதான் சட்டம். அக்கா தங்கைகள் விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

வீடு பாகூரிலோ கன்னியக்கோயிலிலோ இருந்தால்?

அது புதுச்சேரி. பதிவும் அங்கே, முத்திரைக் கட்டணமும் அங்குள்ள விதிப்படி. மேலே சொன்ன 40,000, 10,000 உச்சவரம்பு அங்கே பொருந்தாது. வருமான வரி விதிகள் ஒன்றேதான்.

பதிவு முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

பட்டா பெயர் மாற்றம், கடலூர் மாநகராட்சியில் சொத்து வரி, குடிநீர் வரி பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். அதற்கப்புறம் ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, செட்டில்மென்ட் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, சர்வே எண், நான்கு எல்லை, அளவு சரியா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால், எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள். மகனுக்கு ஏற்கெனவே இரண்டு வீடு இருந்தால் இது மூன்றாவது. சொந்த உபயோகத்துக்கு என்று வரியில்லாமல் காட்டக்கூடியவை இரண்டு வீடுகள்தான். மூன்றாவது பூட்டிக் கிடந்தாலும் உத்தேச வாடகைக்கு வரி உண்டு. அந்த வருட வருமான வரிப் படிவத்தில் அதைச் சேர்க்கச் சொல்லி ஆடிட்டரிடம் பத்திர நகலைக் கொடுத்துவிடுங்கள்.